பழைய மீட்டரும் முள்ளின் வாக்கும்

மின்சாரத்தை எவரும் கண்ணால் கண்டதில்லை. விளக்கின் ஒளியாகவும், விசிறியின் சுழற்சியாகவும், கம்பியின் சூடாகவும் அதன் செயலையே நாம் அறிகிறோம். அது எவ்வளவு பாய்கிறது, எத்துணை அழுத்தத்துடன் பாய்கிறது என்று கேட்டால், நமக்காகச் சாட்சி சொல்ல வேறொரு பொருள் வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அந்தச் சாட்சியாக நின்றது, கண்ணாடிக்குப் பின்னால் அசையும் மெல்லிய முள் ஒன்றே. மின்நிலையத்தின் சுவிட்சுப் பலகையிலும், கப்பலிலும், கல்லூரிச் சோதனைச் சாலையிலும், அம்முள் காட்டிய எண்ணை நம்பியே மனிதர் வேலை செய்தனர்.

இன்று விடையை எண்களாகவே காட்டும் டிஜிட்டல் மீட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. எனினும் முள் மீட்டர்கள் மறைந்துவிடவில்லை. டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் அங்காடி, மும்பையின் லாமிங்டன் சாலை, சென்னையின் ரிச்சி தெரு, பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகியவை மின்சாரச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடங்கள். இத்தகைய கடைவீதிகளிலும், பழைய சாமான் வியாபாரிகளிடத்தும், கைமாறி வந்த மீட்டர்களை இன்றும் காணலாம். பாட்டரிக்கு மின்னேற்றும் கருவி செய்யும் சிறு தொழிலாளரும், அமெச்சூர் வானொலி அன்பர்களும், பணவசதி குறைந்த பள்ளிகளும் அவற்றை வாங்குகின்றனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்த மீட்டர் ஒன்று இன்று காட்டும் எண்ணை நம்பலாமா? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமானால், அந்த நம்பிக்கை முதன்முதலில் எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்க வேண்டும்.

1820-ஆம் ஆண்டில், டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பியின் அருகே வைத்த திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். அன்று முதல், காந்த ஊசியே மின்சாரத்தை அளக்கும் கருவியாயிற்று. ஆனால் அவ்வூசிக்குப் பூமியின் காந்தமும் ஓர் எசமானன். அருகே இரும்புத் துண்டு ஒன்று இருந்தாலும் அதன் போக்கு மாறிவிடும். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்ஸன், 1858-இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக்காக அமைத்த கண்ணாடிக் கால்வனாமீட்டர் மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்ட வல்லது. எனினும், அத்தகைய கருவியை அமைதியான அறையில் வைத்துப் பயன்படுத்த வேண்டுமேயன்றி, இரைச்சலிட்டு அதிரும் இயந்திரத்தின் பக்கத்தில் வைக்க முடியாது.

1881-இல் பாரிஸ் நகரில் கூடிய மின்சார மாநாடு வோல்ட், ஆம்பியர் முதலிய அலகுகளை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டிலேயே நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் வேலை தொடங்கிற்று. அலகுக்குப் பெயர் வந்துவிட்டது. விற்பனைக்குச் சரக்கும் வந்துவிட்டது. இயந்திரச் சாலையின் நடுவே தயங்காது அளந்து சொல்லும் கருவிதான் இன்னும் வரவில்லை. அதே 1882-இல், பிரெஞ்சு நாட்டு அறிஞர் தார்சோன்வாலும் அவருடைய நண்பர் தெப்ரேயும் பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினர். காந்தத்தை அசையாமல் நிறுத்தி, மின்சாரம் பாயும் கம்பிச் சுருளை அதன் இரு முனைகளுக்கு இடையே தொங்கவிட்டனர். வலிமை வாய்ந்த காந்தம் அருகிலேயே இருந்ததால், பூமியின் காந்தம் பொருட்படுத்த வேண்டாததாயிற்று.

இக்கருவியை ஆய்வு மேசையிலிருந்து எடுத்துச் சுவிட்சுப் பலகைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் எட்வர்டு வெஸ்டன். 1850-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1870-இல் அமெரிக்கா சென்று, மின்முலாம் பூசும் தொழிலில் பழகியவர் அவர். 1888-இல் நியூ ஜெர்ஸி மாநிலத்து நியூவார்க் நகரில் மின்சார அளவுக் கருவிகளுக்கென்றே ஒரு தொழிற்சாலையை நிறுவினார். அவர் எதிர்கொண்ட பகைகள் மூன்று. காந்தம் நாளடைவில் வலிமை குன்றும். செப்புக் கம்பியின் தடை, சூடு ஏற ஏற மிகும். அசையும் பகுதியின் உராய்வு முள்ளைத் தடுக்கும்.

முதற் பகைக்குக் கண்ட மருந்து வியப்பிற்குரியது. புதிய காந்தம் முதல் சில மாதங்களில் விரைந்து வலிமை இழந்து, பின்னர் ஏறத்தாழ ஒரு நிலையில் நின்றுவிடும். ஆகவே வெஸ்டனும் அவர் வழி வந்தோரும் காந்தத்தைப் பலமுறை சூடேற்றி ஆற்றியும், அதன் வலிமையில் ஒரு பங்கைத் தாமே குறைத்தும், அதற்கு முன்கூட்டியே முதுமையை ஊட்டினர். இழக்க வேண்டியதைத் தொழிற்சாலையிலேயே இழந்துவிட்ட காந்தம், வெளியே சென்ற பின் மாறுவதில்லை. ஆகவே, நன்கு செய்யப்பட்ட மீட்டருக்கு வயது இயல்பான பகையன்று. ஐம்பது ஆண்டுகள் சென்றும் முள் பொய் சொல்லவில்லையானால், அதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாம் பகையின் கடுமையை நம் நாட்டவர் நன்கு உணர்வர். செம்பின் தடை ஒரு செண்டிகிரேடு பாகைக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் உயர்கிறது. குளிர்காலத்தில் 20 பாகையிலும் கோடையில் 45 பாகையிலும் நிற்கும் டில்லி அறை ஒன்றில், செம்புச் சுருளின் தடை ஏறத்தாழ 10 சதவீதம் மாறிவிடும். இதனைத் தடுக்க, செம்பு, மாங்கனீசு, நிக்கல் ஆகியவை கலந்த மாங்கனின் என்னும் உலோகக் கலவை வந்தது. சூட்டினால் அதன் தடை பெரும்பாலும் மாறுவதில்லை. வோல்ட் மீட்டரில் சுருளுக்கு முன்னே இக்கம்பியைப் பெருமளவில் சேர்த்துவிட்டால், செம்பின் சபலம் அதில் அடங்கிப்போகும். மூன்றாம் பகைக்கு, கூரிய எஃகு முனைகளும் அவற்றைத் தாங்கும் நீலக் கற்களும் விடையாயின. கைக்கடிகாரத்தில் ‘கல்’ என்று நாம் சொல்வது இவ்வகையைச் சேர்ந்ததே. சுருளைப் பழைய இடத்திற்கு மீட்க மயிரிழை போன்ற இரு சுருள்வில்கள் அமைந்தன. மின்சாரம் சுருளுக்குள் செல்லும் வழியும் அவையே.

கருவி செம்மையாயினும், அதன் முகப்பில் கோடுகள் இடுவதற்கு மூலமான ஓர் அளவு வேண்டும். வெஸ்டன் 1893-இல் அமைத்த காட்மியம் மின்கலம் 20 பாகைச் சூட்டில் 1.0183 வோல்ட் என்னும் நிலையான அழுத்தத்தைத் தந்தது. 1911 முதல் 1990 வரை அது மின்னழுத்தத்தின் சர்வதேச நியமமாக விளங்கிற்று. அத்தகைய கலத்தோடு ஒப்பிட்ட கருவி, அக்கருவியோடு ஒப்பிட்ட மற்றொன்று, அதனோடு ஒப்பிட்ட சுவிட்சுப் பலகை மீட்டர் என்று ஒரு சங்கிலி உருவாயிற்று. நம் நாட்டில் அச்சங்கிலியின் தலைக் கண்ணியைத் தாங்கியது புது டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம். 1947-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1950 ஜனவரியில் சர்தார் படேல் திறந்துவைத்த அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர், தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன் ஆவார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அலகுகளின் இலக்கணமே மாறிவந்திருக்கையில், பழைய மீட்டரின் எண்கள் எவ்வாறு செல்லும்? 1948-இல் பழைய சர்வதேச அலகுகள் நீக்கப்பட்டுத் தனிநிலை அலகுகள் வழக்கிற்கு வந்தது உண்மையே. ஆனால் அம்மாற்றம் வோல்ட்டில் பத்தாயிரத்தில் மூன்று நான்கு பங்குக்கு மேற்படவில்லை. 2019 மே 20 முதல் ஆம்பியருக்கு எலெக்ட்ரானின் மின்னூட்டமே அடிப்படையாயிற்று. அதனால் விளைந்த மாற்றம் இன்னும் நுண்ணியது. சுவிட்சுப் பலகை மீட்டரின் முள் கனமே இவ்வேறுபாடுகளை மறைத்துவிடும். ஆகவே அலகின் வரலாற்றால் பழைய மீட்டர் பொய்ப்பதில்லை.

அப்படியாயின் முள் அளிக்கும் வாக்குத்தான் என்ன? மீட்டரின் முகப்பில், மூலையில், 1 என்றோ 1.5 என்றோ 2.5 என்றோ சிறிய எண் ஒன்று காணப்படும். அதுவே அதன் வகுப்பு. நம் நாட்டில் ஐ.எஸ். 1248 என்னும் நியமம் இவ்வகுப்புகளை வரையறுக்கிறது. வழக்கமான மீட்டர்களில், இவ்வெண் முழு அளவின் சதவீதத்தைக் குறிக்கும். அவ்வப்போது முள் காட்டும் அளவின் சதவீதத்தை அன்று. இதனைப் பலர் கவனிப்பதில்லை. 300 வோல்ட் வரை காட்டும் 1.5 வகுப்பு மீட்டர் எந்த இடத்திலும் 4.5 வோல்ட் வரை பிழைபட உரிமை பெற்றது. 230 வோல்ட்டில் இது 2 சதவீதமே. ஆனால் 30 வோல்ட்டில் அதே 4.5 வோல்ட், 15 சதவீதம் ஆகிவிடும்.

இதன் பயனை நடைமுறையில் காண்போம். 12 வோல்ட் ஈய பாட்டரியை நிலையான மின்னேற்றத்தில் வைக்க ஏறத்தாழ 13.8 வோல்ட் போதும். விரைந்து நிரப்ப 14.4 வோல்ட் வரை தருவது உண்டு. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு 0.6 வோல்ட். 30 வோல்ட் வரை காட்டும் 2.5 வகுப்பு மீட்டருக்கோ 0.75 வோல்ட் பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது! உயர்ந்த அழுத்தத்தில் நாள்தோறும் கிடந்து பாட்டரி தண்ணீர் வற்றிக் கெடும்போது, ‘பழைய மீட்டர் ஏமாற்றிவிட்டது’ என்று உரிமையாளர் நோவார். புதிதாயிருந்தாலும் அது அவ்வேலைக்கு உதவாது. 15 வோல்ட் வரை காட்டும் 1 வகுப்பு மீட்டரை அமைத்திருந்தால் பிழை 0.15 வோல்ட்டிற்குள் அடங்கியிருக்கும். வயதைப் பழிக்குமுன் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனி, கைமாறிய மீட்டர்களின் வரலாற்றிற்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படைகளுக்கு உபரியான வானொலிச் சாமான்களும் மீட்டர்களும் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. பல அமெச்சூர் வானொலி நிலையங்கள் அவற்றாலேயே உருவாயின. பின்னர் மின்நிலையங்களும் ஆலைகளும் புதுப்பிக்கப்பட்டபோது பழைய சுவிட்சுப் பலகைகள் கழற்றப்பட்டன. 1983 முதல் குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல்கள் உடைக்கப்பட்டு, அவற்றின் சாமான்கள் சாலையோரக் கடைகளை நிரப்பின. இவ்வாறு வரும் மீட்டர், கழற்றப்படும் பொழுதே ஒப்பீட்டுச் சங்கிலியிலிருந்து அறுந்துவிடுகிறது. கடைசியாக யார், எப்பொழுது சோதித்தார் என்பது தெரிவதில்லை. அதன் குறை பெரும்பாலும் இதுவே, முதுமை அன்று.

பயணத்தில் நேரும் காயங்களும் உண்டு. மீட்டர் கீழே விழுந்தால் எஃகு முனை மழுங்கும், கல் விரிசல் காணும். அதன்பின் முள் இடையிடையே தயங்கி நிற்கும். மூடியைத் திறந்தவர் கையால் இரும்புத் துகள் உள்ளே புகுந்தால், காந்தம் அதனை இடைவெளியில் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்திருந்தால் சுருள்வில் தளர்ந்திருக்கும், முள் வளைந்திருக்கும். ஏ.ஸி. அளக்கும் சில மீட்டர்களில் உள்ள செப்பு ஆக்ஸைடு ரெக்டிபயர் காலத்தால் குணம் மாறும். இங்கே மட்டும் முதுமை உண்மையாகவே பகை. இவற்றினும் மிகுதியான ஏமாற்றம் வேறொன்று. முகப்பில் 100 ஆம்பியர் என்றிருக்கும். உள்ளே இருப்பதோ 75 மில்லிவோல்ட் காட்டும் சுருளே. மின்னோட்டத்தின் பெரும்பகுதியைத் தன் வழியே கொண்டுசென்ற ஷண்ட் என்னும் தடைக்கட்டை பழைய பலகையிலேயே தங்கிப்போயிற்று. இதனை அறியாமல் நேரே இணைத்தால் மீட்டர் அக்கணமே எரிந்துபோகும்.

ஆகவே வாங்குவோர் சில சோதனைகளைச் செய்துகொள்வது நலம். முதலில் முகப்பின் குறிகளைப் படிக்க வேண்டும். லாடம் போன்ற குறி இயங்கு சுருளைக் காட்டும். மீட்டர் நிமிர்ந்து நிற்க வேண்டுமா, படுத்திருக்க வேண்டுமா என்பதற்கும் குறி உண்டு. தனி ஷண்ட் தேவையானால் அதன் மில்லிவோல்ட் அளவும் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். பிறகு மீட்டரைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும்; முள் சுழியை விட்டு வெகுவாக விலகினால் அதன் எடைச் சமன் கெட்டிருக்கிறது. நுண்ணிய மின்னோட்டம் அளக்கும் மீட்டராயின், இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு அசைக்கலாம்; முன்னினும் முள் மந்தமாக அசைந்தால் சுருள் அறுபடவில்லை என்று கொள்ளலாம். டிஜிட்டல் மீட்டரின் தடை அளக்கும் நிலையில் வைத்து அத்தகைய சுருளைத் தொடுவது தகாது. அது செலுத்தும் மின்சாரமே சுருளுக்கு மிகையாகக்கூடும்.

இறுதிச் சோதனை ஒப்பீடு. நம்பத்தக்க மீட்டர் ஒன்றைத் துணைவைத்து, தக்க தடை ஒன்றின் வழியே மின்சாரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஐந்து இடங்களில் இரண்டின் எண்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் அதே ஐந்து இடங்களில் இறங்கு முகமாகவும் எழுத வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். தட்டியவுடன் முள் இடம் பெயர்ந்தாலும், ஏறும்போது ஓர் எண்ணும் இறங்கும்போது வேறோர் எண்ணும் காட்டினாலும், உராய்வு புகுந்திருக்கிறது என்பது வெளிப்படை.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பில் நாம் அடிக்கடி எதிர்ப்படும் இடர் ஒன்று நினைவிற்கு வருகிறது. உண்மைக்கு அருகில் நிற்பது ஒரு குணம்; கேட்டபோதெல்லாம் ஒரே விடையைக் கூறுவது மற்றொரு குணம். ஆங்கிலத்தில் இவற்றிற்கு இரு சொற்கள் உள்ளன. நாமோ இரண்டையும் ‘துல்லியம்’ என்று எழுதிவிடுகிறோம். பழைய மீட்டரிடத்தில் இவ்வேறுபாடு உயிரானது. எப்பொழுதும் 4 வோல்ட் கூட்டியே சொல்லும் மீட்டரைத் திருத்த அட்டவணை ஒன்றின் துணையால் நெடுங்காலம் பயன்படுத்தலாம். ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் சொல்லும் மீட்டருக்கு எந்த அட்டவணையும் உதவாது. முன்னதை வாங்கலாம், பின்னதை இலவசமாகவும் பெறலாகாது.

உயிர் நலத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. போர்க்கால விமானங்களிலும் ஊர்திகளிலும் இருந்த மீட்டர்கள் சிலவற்றின் முள்ளும் எண்களும் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த வண்ணத்தால் தீட்டப்பட்டன. அவ்வண்ணத்தின் கொடுமையை உலகம் முன்னரே அறிந்திருந்தது. வெஸ்டனின் தொழிற்சாலை இருந்த அதே நியூ ஜெர்ஸி மாநிலத்தில், கடிகார முகப்புகளைத் தீட்டிய இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டால் கூராக்கி, எலும்பும் தாடையும் அழிந்து துன்புற்றனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928-இல் ஈட்டுத்தொகையோடு முடிந்தது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஒளிரும் பொருள் சில ஆண்டுகளில் நலிந்து இருண்டுவிடும். ரேடியமோ அப்படியே இருக்கும். ஒளிரவில்லை என்பதனால் தீங்கில்லை என்று கொள்ளலாகாது.

2010-இல் டில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு வந்த சோதனைக் கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 ஒருவர் உயிரைக் குடித்தது. அதன் வன்மையோடு ஒரு மீட்டரின் வண்ணத்தை ஒப்பிட முடியாது. எனினும், எங்கிருந்து வந்தது என்று கேளாமல் உடைப்பதன் கேட்டை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. முகப்பின் எண்கள் பழுப்பேறித் தடித்த வண்ணமாய் இருக்கும் போர்க்கால மீட்டரைத் திறக்கலாகாது, சுரண்டலாகாது, சிறுவர் கையில் தரலாகாது. மூடிய நிலையிலேயே விலக்கி வைத்துக் கதிரியக்கப் பாதுகாப்பு அறிந்தோரை வினவுவதே முறை.

சுருங்கக் கூறின், பழைய மீட்டரைப் பழமை ஒன்றாலேயே தள்ளுவதும் தவறு. அழகிய முகப்பைக் கண்டு நம்புவதும் தவறு. நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பால் அதன் காந்தமும் கம்பியும் வில்லும் காலத்தை வெல்லப் பழக்கப்பட்டன. ஆனால் ஒப்பீடு என்னும் சங்கிலியைக் காந்தம் தானே காத்துக்கொள்ள இயலாது; அதனை மீண்டும் கோக்க வேண்டியவர்கள் பயன்படுத்துவோரே. சோதித்த நாளையும், சோதித்தவர் பெயரையும், ஐந்து இடங்களில் கண்ட பிழையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவைப்பது அரைமணி நேர வேலை. பள்ளிச் சோதனைச் சாலைகள் இவ்வழக்கத்தை மேற்கொண்டால், மாணவர் அளக்கக் கற்பதோடு, அளவை எதுவரை நம்பலாம் என்பதையும் கற்பர். அடுத்த கைக்குப் போகும்போதும் அம்மீட்டர் தன் வரலாற்றோடு போகும்.